பூவேந்திய மனிதனைப் படைத்தவர்

பெரிய நாட்டுக் கலைஞனை உலகம் தேடிச் சென்று அறிந்துகொள்கிறது. சிறிய நாட்டுக் கலைஞனோ தானே நடந்து சென்று உலகத்தின் கதவைத் தட்டவேண்டியிருக்கிறது. அவ்வாறு தட்டித் திறக்கச் செய்தவர்களுள் ஒருவர் ருமேனிய நாட்டின் யோன் பொப்பெஸ்கு கோப்போ. இந்த நூற்றாண்டில் ருமேனியப் படங்கள் உலக விழாக்களில் பெற்றுள்ள பெருமையைப் படக்கலையில் ஈடுபாடுள்ள நம் மாணவ நண்பர்கள் அறிவர். அதற்கு வெகு காலம் முன்பே வழி திறந்த இம்மனிதரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. பௌதிகம் பயிலும் எனக்கு இவர்மீது தனிப்பற்று உண்டு. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கோப்போ 1923ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் புக்கரெஸ்ட் நகரில் பிறந்தார். தாய்வழிக் குடும்பப் பெயர் கோரெங்கோ. தந்தைவழிப் பெயர் பொப்பெஸ்கு. இரண்டின் தலையெழுத்துக்களையும் சேர்த்துக் ‘கோப்போ’ என்னும் பெயரை அமைத்துக்கொண்டார். தாய்க்கு முதலிடம் தந்த பெயர் அது!

இளமையிலேயே செய்தித்தாள்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பழகிய கை அவருடையது. போர் முடிந்தபின் ருமேனியாவில் பொதுவுடைமை ஆட்சி அமைந்தது. 1948இல் படத்தொழில் முழுவதும் அரசுடைமையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அரசின் படப்பிடிப்பு நிலையத்தில் கார்ட்டூன் படப் பிரிவு தோன்றியபோது, கோப்போ அதன் தொடக்ககாலக் கலைஞர்களுள் ஒருவரானார்.

அக்காலத்தில் கார்ட்டூன் படம் என்றாலே அமெரிக்காவின் டிஸ்னிதான். எத்தனை வண்ணங்கள்! எத்தனை நளினம்! நூற்றுக்கணக்கான ஓவியர்கள் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். புக்கரெஸ்டில் அந்தப் பணமும் இல்லை, படையும் இல்லை. கோப்போவும் முதலில் டிஸ்னியின் வழியிலேயே சென்று பார்த்தார். அழகிலும் மென்மையிலும் அவரை எட்டமுடியாது என்று கண்டதும், அந்தப் பந்தயத்திலிருந்தே விலகிவிட்டார். டிஸ்னி எதையெல்லாம் சேர்த்தாரோ, அதையெல்லாம் தாம் நீக்குவது என்று முடிவு செய்தார்.

இதில் ஒரு சிறு கணக்கும் அடங்கியிருக்கிறது. திரையில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. 10 நிமிடப் படத்துக்கு 14,400 சட்டங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் 7,200 ஓவியங்கள் வேண்டும். ஓவியத்தில் ஒரு பொத்தானைக் கூட்டினால் அதை ஆயிரக்கணக்கான தடவை வரையவேண்டும். ஆகவே கோப்போவின் மனிதனுக்குச் சட்டையே இல்லை; பொத்தானுக்கு ஏது இடம்? முட்டை போன்ற தலை, சின்னஞ்சிறு உடல், சில கோடுகள். இவ்வளவுதான். ஆடை இல்லாததால் அவன் எந்த நாட்டான், எந்தக் காலத்தான், ஏழையா செல்வனா என்று யாராலும் கூறமுடியாது. பேச்சும் இல்லாததால் எந்த மொழியான் என்றும் தெரியாது. வறுமை கற்பித்த சிக்கனம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான ஓர் உருவத்தை ஈன்றெடுத்தது!

1956இல் அம்மனிதனை வைத்து அவர் எடுத்த படம் ‘ஸ்கூர்த்தா இஸ்தோரியே’. ‘ஒரு சுருக்க வரலாறு’ என்று பொருள். உலகம் தோன்றியது முதல் உயிர்கள் தோன்றி, மனிதன் வளர்ந்து, விண்வெளிக்குப் புறப்படுவது வரை, எல்லாம் சுமார் 10 நிமிடத்தில்! பிற கோள்களுக்குச் செல்லும் அச்சிறு மனிதன் அங்கே நடுவது கொடியை அன்று, பூவை. 1957 மே மாதம் கேன்ஸ் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருதை இப்படம் பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள்தான் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. விஞ்ஞானிகளின் கோளத்துக்கு முன்பே கோப்போவின் மனிதன் பூவுடன் போய்ச் சேர்ந்துவிட்டான்!

எங்கள் விடுதியில் இப்படத்தை ஒரு சிறு கணினித் திரையில் பார்த்தோம். வங்காளி, மலையாளி, பஞ்சாபி, தமிழன் என்று எட்டுப் பேர் இருந்தோம். இந்த ஊருக்கு வந்த நாள் முதல், ஒரு நகைச்சுவையைச் சொல்வதற்குள் அதை மனத்தில் இரண்டு மொழிகளுக்கு மாற்றிப் பார்ப்பவன் நான். அன்று எட்டுப் பேரும் ஒரே கணத்தில் சிரித்தோம்.

எனது தனிப்பற்றுக்குக் காரணமும் அப்படத்திலேயே இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, இவ்வளவு படிப்பும் கடைசியில் யாருக்கு உதவும் என்று என் தாத்தா கேட்பார். ராக்கெட் எப்படி மேலே செல்கிறது என்பதை எங்கள் பாடநூல் கற்பிக்கிறது. அது எதை ஏந்திச் செல்லவேண்டும் என்பதைக் கற்பிப்பதில்லை. கோப்போ அதைத்தான் கேட்டார். தாத்தாவின் கேள்வியும் அதுதான்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1958இல் ‘ஏழு கலைகள்’, 1960இல் ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்று அச்சிறு மனிதனின் பயணம் தொடர்ந்தது. நடிகர்களை வைத்து அவர் எடுத்த ‘ஒரு குண்டு திருடப்பட்டது’ என்னும் முழுநீளப் படம் 1962இல் கேன்ஸ் போட்டியில் இடம்பெற்றது. ஏதுமறியாத ஒருவன் கையில் அணுகுண்டு அகப்பட்டுக்கொள்ளும் கதை. அதிலும் உரையாடல் இல்லை. நாட்டுப்புறக் கதை ஒன்றைத் தழுவி அவர் எடுத்த படத்துக்காக 1965இல் மாஸ்கோ விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றார். ஓவியத்தையும் நடிகர்களையும் கலந்து 1981இல் அளித்த ‘மரியா, மிராபெலா’ ருமேனியக் குழந்தைகளின் செல்வமாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அடக்குமுறை மிகுந்த ஆட்சியில் அவர் பூவையும் கோளையும் வரைந்துகொண்டிருந்தது போதுமா? லூச்சியன் பின்டிலியே என்னும் இயக்குநர் 1968இல் ‘மறு அரங்கேற்றம்’ என்ற படத்தில் அதிகாரத்தின் கொடுமையை நேருக்கு நேர் காட்டினார். அப்படம் திரையரங்குகளிலிருந்து அகற்றப்பட்டது. இன்றைய இயக்குநர்கள் தங்கள் முன்னோடியாகப் பெரிதும் போற்றுவது பின்டிலியேயைத்தான். அது நியாயமே. கோப்போவிடம் அந்தச் சீற்றம் இல்லை. ஆயினும், புக்கரெஸ்டில் எடுத்த படம் உலக மேடையில் முதற்பரிசு பெறமுடியும் என்ற நம்பிக்கையைத் தந்தவர் அவர். இடித்துரைப்பவனும் வேண்டும், முடியும் என்று காட்டுபவனும் வேண்டும். இருவரும் சேர்ந்ததே முன்னோர் செல்வம்.

1989 நவம்பர் 29ஆம் நாள் கோப்போ மறைந்தார். மூன்று வாரங்களில் மக்கள் புரட்சி வெடித்தது. டிசம்பர் 22ஆம் நாள் ஆட்சி கவிழ்ந்தது. அந்த விடியலை அவர் காணவில்லை. அந்நாளில் ஒரு சிற்றூரில் உண்மையில் புரட்சி நடந்ததா என்று கேட்கும் படத்துக்காக 2006இல் கொர்னேலியு பொரும்பொயு கேன்ஸில் அறிமுக இயக்குநர் விருது பெற்றார். 2007இல் கிறிஸ்டியன் முஞ்சியு முழுநீளப் படத்துக்கான தங்கப் பனையையே வென்றார். கோப்போ வென்ற ஆண்டிலிருந்து சரியாக 50 ஆண்டுகள்! அதே 2007இல் ருமேனியாவின் தேசியத் திரைப்பட விருதுகள் தோன்றின. அவற்றின் பெயர் கோப்போ விருதுகள். புதிய இயக்குநர்களின் படங்கள் கனவுலகத்தை விட்டுக் கசப்பான நடைமுறையைக் காட்டுபவை. கோப்போவின் பாணியோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் வெற்றி பெற்றவர் கையில் ஏந்தும் சிலை அச்சிறு மனிதனின் உருவமே!

நண்பர்களே! பணமில்லை, கருவியில்லை, மொழி தெரியாத ஊரில் கேட்பாருமில்லை என்று நம் சங்கக் கூட்டங்களிலும் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். உள்ளதைக் கணக்கிட்டு, இல்லாததையே தம் நடையாக்கிக்கொண்ட ஒருவரின் வாழ்க்கை இது. அடுத்த ஆண்டு விழாவுக்குத் திட்டமிடும்போது, வரவு செலவுக் கணக்கைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடப் படத்தை அனைவரும் ஒருமுறை பாருங்கள்.