தமிழுக்கு இலக்கணம் தேடிய அண்டிறிக்கிப் பாதிரியார்

முத்துக்குளித்துறையின் மறைபரப்பு வரலாற்றைப் படிப்போர் புனித சவேரியாரோடு நின்றுவிடுவது வழக்கம். அவருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கரையிலே உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. தமிழ் மக்கள் வாயில் அவர் அண்டிறிக்கிப் பாதிரியார்.

1520-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசாவில் பிறந்தவர். முன்னோர் யூத மரபினர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டார். பின் சேசு சபையில் சேர்ந்து 1546-இல் கோவா வந்தார். அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறையில் பணி தொடங்கினார்.

அங்கே பேச்சுக்கெல்லாம் துபாஷிதான். சுவாமியார் ஒன்று சொல்ல, துபாஷி வேறொன்று சொல்லிவிடலாம். ஞானோபதேசம் இப்படியென்றால் பாவசங்கீர்த்தனம் என்னாவது? தன் பாவத்தை மூன்றாம் ஆள் காதில் விழச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே தமிழுக்கு இலக்கணம் எழுதும்படி சவேரியார் அவரைப் பணித்தார்.

கிரேக்கம் படிப்பவனுக்கு விதிகள் எவ்வளவு குழப்பினாலும், கையில் ஒரு புத்தகம் உண்டு. அடிகளாருக்கு அதுவுமில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் தமிழில் இருந்தன என்பது மெய். ஆனால் சூத்திர நடையிலுள்ள அந்நூல்கள் கடற்கரைப் பேச்சைக் கற்க வந்த அந்நியருக்கு எப்படி உதவும்? அவர் இலத்தீன் இலக்கணத்தையே அளவுகோலாகக் கொண்டு, கேட்ட சொற்களை வேற்றுமை வேற்றுமையாக, காலம் காலமாகப் பிரித்து எழுதினார்.

அந்த அளவுகோல் எல்லா இடத்திலும் பொருந்துவதல்ல. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எங்கே? 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் இலத்தீனில் ஒரே சொல்தான். நமக்கோ கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. பரமண்டல செபத்தில் பிதாவை 'எங்கள்' என்றுதான் அழைக்க வேண்டும். 'நம்' என்றால் கடவுளுக்கும் ஒரு தகப்பனைத் தேட வேண்டிவரும்! ஆவடித் தொழிற்சாலைகளுக்குப் பிற மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் கற்ற நம் அண்டை வீட்டாரைக் கேட்டால் இந்தச் சங்கடம் புரியும்.

சில மாதங்களில் துபாஷியை விட்டுத் தாமே பேசலானார். அந்த இலக்கணம் கையெழுத்துப் படியாகவே கிடந்து 1982-இல்தான் அச்சேறியது. ஆயினும் அதில் பெற்ற பயிற்சியால் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினாறே பக்கம், இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல். 1586-இல் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது.

அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் காலமானார். அவருடைய உடல் தூத்துக்குடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது.