பாட்டே இல்லாமல் படம் எடுத்த வீணைக் கலைஞர்

தமிழ்ப் படம் என்றால் பத்துப் பாட்டாவது இருக்க வேண்டும் என்று இரசிகர்கள் எதிர்பார்த்த காலம் அது. அப்போது, ஒரு பாட்டுகூட இல்லாத படம் ஒன்று திரைக்கு வந்தது. நடனம் இல்லை, சண்டை இல்லை. கதாநாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். அதுதான் 1954 ஏப்ரல் 13-இல் வெளிவந்த ‘அந்த நாள்’. அதை இயக்கிய எஸ்.பாலசந்தர் ஓர் இசைக் கலைஞர் என்பதுதான் வியப்பு.

1927 ஜனவரி 18-இல் சென்னையில் பிறந்த பாலசந்தர், சிறு வயதிலேயே கஞ்சிரா வாசித்தவர். 1934-இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் தந்தை, அண்ணன், அக்காளுடன் சேர்ந்து நடித்தார். பிறகு பல வாத்தியங்களைக் கற்றார். வீணையைக் குரு இல்லாமல் தாமே பயின்று தேர்ந்தார்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படம் தந்த தூண்டுதலில் உருவானது ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரித்தது, ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதினார்.

மலாயா ஜப்பானியரின் பிடியில் இருந்த 1943-ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட மறுநாள் காலை, வானொலிப் பொறியாளர் ராஜன் தம் வீட்டில் பிணமாகக் கிடக்கிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ராஜன் வேறு மனிதராகத் தெரிகிறார். எது உண்மை என்று ரசிகர்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. நல்லவனா கெட்டவனா என்று எளிதில் சொல்ல முடியாத அந்த வேடத்தைச் சிவாஜி கணேசன் துணிந்து ஏற்றார். மனைவியாகப் பண்டரிபாய் நடித்தார்.

தேசிய விருதுக் குழுவின் நற்சான்றிதழ் கிடைத்தது. ஆனால், வசூல் கிடைக்கவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

பாலசந்தர் மர்மக் கதைகளை விடவில்லை. ‘அவனா இவன்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ ஆகிய படங்களை எடுத்தார். 1964-இல் வந்த ‘பொம்மை’யில், தம் இசையில் ஜேசுதாஸைத் தமிழில் பாட வைத்தார். பின்னர், திரையுலகை விட்டு விலகி முழு நேரமும் வீணைக்கே தம்மை ஒப்படைத்தார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

1990 ஏப்ரல் 13-இல் பிலாய் நகரில் அவர் காலமானார். ‘அந்த நாள்’ வெளிவந்து அன்றோடு சரியாக 36 ஆண்டுகள். அன்று வசூலில் தோற்ற அந்தப் படம், இன்று தமிழ்த் திரையின் சிறந்த படங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது.