ஆபிரகாம் கோவூர்

மாணவர்களே, ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி இறங்கினால் மரமும் ஆள் போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்ப்பவருக்கே உண்மை புரியும். அவ்வாறு கிட்டப் போய்ப் பார்ப்பதையே தம் பணியாகக் கொண்டவர் ஆபிரகாம் கோவூர்.

இவர் 1898ஆம் ஆண்டு கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தார். கல்கத்தாவில் தாவரவியல் கற்றார். 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். வேறு கல்லூரிகளிலும் கற்பித்து 1959இல் ஓய்வுபெற்றார்.

பேய் உலாவுவதாகக் கூறப்பட்ட வீடுகளுக்குச் சென்று ஆராய்ந்தார். மோசடிக்கு இடமில்லாத முறையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அப்பணத்தை வெல்லவில்லை. தம் கண்களையும் உடலையும் தானமாக வழங்கினார். தம் எலும்புக்கூட்டைக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

பரீட்சை நெருங்கும்போது மனம் பதறும். பதறும் மனம் எதையும் நம்பும். வினாத்தாள் வெளியாகிவிட்டது என்பார்கள். தாயத்துக் கட்டினால் சித்தி நிச்சயம் என்பார்கள். ஆதாரம் என்னவென்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை விட்டுவிட்டு, ஒரு கடந்தகால வினாத்தாளைச் செய்யுங்கள். செய்யச் செய்யப் பதற்றமும் குறையும்.