செம்பில் மதுரையைப் பதித்த தாமஸ் டேனியல்

மதுரையில் வாழும் நாம் திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு வியவாதாரல்லோம். ஆயினும் இரு நூற்றாண்டுகட்கு முன் அது கிடந்த கோலத்தை நமக்குக் காட்டுவது நம்மவர் தீட்டிய சித்திரமன்று; ஆங்கிலேயர் ஒருவர் செப்புத் தகட்டில் அமைத்து அச்சிட்ட படமேயாகும். அவர்தாம் தாமஸ் டேனியல் என்பார்.

இவர் 1749-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விடுதிக்காரரின் மைந்தராகப் பிறந்தார். இளமையில் வண்டிகளுக்கு வர்ணந் தீட்டும் தொழில் பயின்றார். பின்னர் இலண்டன் இராஜாங்கக் கலைக்கழகத்தில் கற்றார். கற்றும், நிலக்காட்சி தீட்டிப் பிழைத்தல் அங்கே அரிதாயிற்று. ஆகவே கும்பெனியாரிடம் உத்தரவு பெற்று, தம் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் என்னும் சிறுவனை உடனழைத்து 1785-ல் கப்பலேறி, சீன தேசத்தின் வழியே கல்கத்தாவை அடைந்தார். அந்நகரக் காட்சிகள் பன்னிரண்டனை 1788-க்குள் அச்சிட்டு முடித்தார்.

1792-ல் மைசூர்ப் போர் ஓய்ந்ததும் இருவரும் சென்னையினின்று தெற்கே புறப்பட்டனர். மலைக்கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்துகொண்டே மதுரைக்கு வந்தனர். சொக்கநாத நாயக்கர் காலத்தில் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்த்துச் செல்லப்பட்ட பகுதிகள் போக, எஞ்சிய அரண்மனை அப்போது பாழடைந்திருந்தது. அவ்விடிபாடுகளையும் கோட்டையினுள் கண்ட காட்சியையும் அவர்கள் வரைந்துகொண்டனர்.

1794-ல் தாயகம் மீண்டபின் பெரும்பணி தொடங்கிற்று. தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடேற்றிப் படியவைத்துத் திராவகத்தில் இடுவர். பொடி மறையாத நுண்ணிடங்களைத் திராவகம் அரிக்கும். வெளிச்சம் வேண்டுமிடத்தை மெழுகெண்ணெயால் மூடி, மீண்டும் மீண்டும் அரிக்கவிட, நிழல் படிப்படியாக ஆழ்ந்து வரும். அச்சேறிய தாள்களுக்குப் பின்னர்க் கையால் வர்ணமிடுவர். இங்ஙனம் 1795 முதல் 1808 வரை 144 படங்கள் 'கீழ்த்திசைக் காட்சிகள்' என்னும் பொருள்படும் பெயரால் வெளிவந்தன. மதுரைப் படங்கள் வெளிவந்த ஆண்டு 1798. மறு ஆண்டே கலைக்கழகம் தாமஸை முழு உறுப்பினராக ஏற்றது. வண்டிக்கு வர்ணமிட்ட கை அடைந்த உயர்வு இது!

தாமஸ் 1840-ல் இறந்தார். அதே பத்தாண்டில், கலெக்டர் பிளாக்பர்ன் நகர் விரியும்பொருட்டு மதுரைக் கோட்டை மதிலை இடிப்பித்து அகழியைத் தூர்ப்பித்தார். அவர் நினைவாக நிற்பதே நாம் அறிந்த விளக்குத்தூண். மகாலோ, 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பழுது நீங்கிப் புதுப்பொலிவு பெற்றது.

மதில் போயிற்று, இடிபாடும் மறைந்தது, தாளிற் பதிந்த நிழலே எஞ்சியது. டேனியல் வந்தது பொருளீட்டவே எனினும், அவர் உழைப்பால் நம் ஊர் தன் பழமுகத்தை இழவாதாயிற்று. இன்று நம் கண்முன் உள்ள தெருக்களையும் மண்டபங்களையும் நாளை அறிய விரும்புவோர்க்கு நாம் எதை வைத்துச் செல்வோம்? தமிழ் மாணவராகிய நாம் எண்ணவேண்டியது இதுவே.