இரண்டாம் சரபோஜி: சிம்மாசனம் இருந்தது, ஆட்சி இல்லை



முற்கால முஸ்லிம் நாடுகளில் ஆட்சி யாருடையது என்று அறிய இரண்டு அடையாளங்கள் போதும். ஜும்ஆ குத்பாவில் யார் பெயர் சொல்லப்படுகிறது? நாணயத்தில் யார் பெயர் இருக்கிறது? ஸ்பெயினின் கொர்தோபாவில் 929-ல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தம்மைக் கலீஃபா என்று அறிவித்தபோது, மிம்பரிலும் நாணயத்திலும்தான் அந்தப் பட்டம் ஏறியது. வாளும் கொடியும் அதற்குப் பிறகுதான்.

நம் தஞ்சாவூரில் ஒருவருக்கு வாள், சிம்மாசனம், தர்பார், பட்டம் எல்லாம் இருந்தன. ஆட்சி மட்டும் இல்லை. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியைத்தான் சொல்கிறேன்.

நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மன்னர் பிரதாப் சிங். அவருடைய மகன் துளஜா 1787-ல் தத்தெடுத்த, பத்து வயதுகூட நிரம்பாத சிறுவன்தான் சரபோஜி. அதே ஆண்டு துளஜா இறந்துவிட, சிற்றப்பா அமர்சிங் அரியணையில் அமர்ந்தார். ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் தலையிட்டதால் சிறுவன் சென்னைக்குப் போய்ப் படித்தான். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அமர்சிங்கை இறக்கி, அவரை ஏற்றியது.

ஏற்றிவிட்டவர்கள் சும்மா விடுவார்களா? அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் வந்தது. காவிரி பாயும் நெல் வயல்களும் வரியும் நிர்வாகமும் கம்பெனிக்கு. கோட்டையும் பட்டமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு. அப்போது அவருக்கு வயது 22.

அரண்மனை ஆயுதசாலையில் வாள்கள் குவிந்து கிடந்தன. சிலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது, கைப்பிடி இங்கே செய்தது. அவ்வகை வாளுக்கு ஃபிரங்கி என்று பெயர். நாம் பறங்கி என்கிறோமே, அதே சொல்தான். அந்த வாள்களை எடுத்துக்கொண்டு போக அவருக்குப் போர்க்களம் ஏது?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பட்டுக்கோட்டை பக்கம் கடலோரத்தில் மனோரா நிற்கிறதே, அது நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகச் சரபோஜி எழுப்பிய கோபுரம். தம் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு எட்டு அடுக்கு! எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் அதே கைப்பணம் ஒரத்தநாட்டில் சத்திரமாகி, வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டது. முன்னோர் விட்டுச் சென்ற சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் பல மொழிகளில் ஓலைச்சுவடிகளும் அச்சுநூல்களும் வந்து சேர்ந்தன. நாட்டை எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து, அவர் வாங்கிய பல ஐரோப்பிய நூல்களில் இருக்கிறது. தன்வந்திரி மகாலில் வைத்தியம் நடந்தது. கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, செய்த சிகிச்சையையும் எழுதி வைக்கச் செய்தார்.

1832 மார்ச் 7-ல் இறந்தார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், மிச்சமிருந்த பட்டத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆயுதசாலை கலைக்கப்பட்டது. ஏராளமான வாள்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. தப்பியவற்றில் சிலவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். சரஸ்வதி மகால் தஞ்சை அரண்மனை வளாகத்திலேயே இருக்கிறது. பெயர் தெரியாத அந்த ஏழைகளின் கண் படங்களும் அங்கேதான் இருக்கின்றன.