ஐஸ்கிரீம் விற்றுப் பல் காத்தவர்

நம் மலரில் வழக்கமாக விஸ்வேஸ்வரய்யா வருவார், சர் சி.வி. ராமன் வருவார். இந்த முறை ஒரு பல் டாக்டர் வருகிறார். சிரிக்காதீங்க. சிரித்தாலும் பரவாயில்லை, அந்தப் பல்லைக் காப்பாற்றத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார்.

டாக்டர் ரபியுதீன் அகமது. இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை. 1890 டிசம்பர் 24இல் கிழக்கு வங்காளத்தில், அதாவது இன்றைய பங்களாதேஷில் பிறந்தார். அலிகாரில் படித்துவிட்டுக் கப்பலேறி அமெரிக்கா போனார். 1915இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம். பிறகு பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் வேலை. அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1919இல் கல்கத்தா திரும்பிவிட்டார்.

அப்போது இந்தியாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிகூடக் கிடையாது. பல் வலித்தால் குறட்டால் பிடுங்குவதுதான் வைத்தியம். ஏன், எங்க வீட்டில் இன்றைக்கும் அதேதான். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் எங்க அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் நாலு இல்லை. கறித்துண்டை முன்பல்லாலேயே கடித்து இழுப்பார், பாவம்.

கல்லூரி தொடங்க நினைத்தார் அகமது. பணம்? அங்கேதான் மனுஷன் கெட்டிக்காரர். கல்கத்தாவில் நியூயார்க் சோடா பவுண்டன் என்று ஐஸ்கிரீம், சோடாக் கடை ஒன்றை நடத்தினார். அதில் வந்த வருமானத்தைப் போட்டு 1920இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும். அந்த இனிப்பு விற்ற காசிலேயே பல் டாக்டர்கள் உருவானார்கள்! ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா படித்ததும் இங்கேதான். 1923இல் அவர் பம்பாயில் பல் வைத்தியசாலை திறந்தார்.

1928இல் மாணவர்களுக்காக ஒரு கைநூல் எழுதினார் அகமது. பல்லைப் பிடுங்காமல் சுரண்டி, அடைத்து, சீர்செய்யும் கலையைப் பற்றிய நூல் அது. இந்தக் கலையின் கடைசிப் படி ஒன்று உண்டு. அதுதான் நாம் கேப் என்று சொல்லும் கிரவுன்.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டியதில்லை. சின்னச் சொத்தைக்கு அடைப்பு போதும். சொத்தை பாதிப் பல்லைத் தின்றுவிட்டால் அடைப்பைப் பிடித்துக்கொள்ளச் சுவரே இருக்காது. அப்போது கேப் வேண்டும். விரிசல் விட்ட பல்லுக்கும், தேய்ந்து குட்டையான பல்லுக்கும் வேண்டும். முக்கியமாக, வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு. சொத்தையைச் சுரண்டி உள்ளே குடைந்த பிறகு சுற்றுச்சுவர் மெலிந்துவிடும். மெல்லும் பளு ஆப்பு அடித்த மாதிரி அதைப் பிளக்கப் பார்க்கும். உலக்கை முனையில் பூண் எதற்குப் போடறாங்க? மரம் பிளக்காமல் இருக்கத்தானே! கேப்பும் பல்லுக்குப் போடும் பூண்தான். எங்க அத்தை வேர் சிகிச்சை செய்துகொண்டு, வலிதான் போச்சே, கேப்புக்கு வேற செலவா என்று விட்டுவிட்டார். எட்டு மாதத்தில் முறுக்கு கடித்தபோது பல் வேர்வரை இரண்டாகப் பிளந்தது. கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த காசும் போச்சு.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு விஷயம். உலோக கேப் செய்வது நம் வார்ப்புப் பாடமேதான்! மெழுகில் உருவம் செய்து, மேலே மாவுக் கலவை பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றுவது. நம் ஸ்தபதிகள் சோழர் காலத்திலிருந்து சாமி சிலை வார்க்கும் அதே முறை. 1907இல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கர் இதைப் பல் வைத்தியத்தில் பரவச் செய்தார். அகமது அயோவாவில் படித்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இன்றைக்கு ஜிர்கோனியா கட்டியைக் கம்ப்யூட்டர் எந்திரம் கடைந்து கேப் ஆக்குகிறது. நம்ம சிஎன்சி லேப்பின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பயிற்சியில்லாதவர்கள் வாயில் கை வைக்கக் கூடாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்பதற்காகவும் அகமது உழைத்தார். 1939இல் வங்காளத்துக்கும் 1948இல் நாடு முழுமைக்கும் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, தான் சோடா விற்று வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். 1950 முதல் 1962 வரை அந்த மாநிலத்தில் அமைச்சராகவும் இருந்தார். 1964இல் பத்மபூஷண். 1965 பிப்ரவரியில் மறைந்தார். கல்கத்தாவில் அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. அவர் பிறந்த டிசம்பர் 24ஐ நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.