கார் கதவு கிழியுமா? முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர்... பின்னணியில் ஒரு அகதிப் பேராசிரியர்! யார் இந்த வான் மீசஸ்?

தட்டையான இரும்புத் தகட்டை பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தினால் கார் கதவாக மாறுகிறது. ஆனால் வளைவான இடத்தில் தகடு கிழிந்துட்டா? பெரும் செலவில் செய்த டை வீண்தான்!

அதனால், டை செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அழுத்திப் பார்த்துவிடுகிறார்கள். திரையில் நீலம், பச்சை, சிவப்பு என வண்ணங்கள் தெரியும். அதன் ஓரத்தில் அடிக்கடி தென்படும் பெயர், வான் மீசஸ்.

யார் இவர்?

ரிச்சர்ட் வான் மீசஸ் 1883-ல் லெம்பெர்க் நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி, இன்று உக்ரைனின் லிவிவ். பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசஸ் இவரோட அண்ணன். விமானம் ஓட்டத் தெரிந்த இந்தக் கணிதப் பேராசிரியர், முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக 600 குதிரைத்திறன் விமானத்தையும் வடிவமைத்தார்.

1913-ல் என்ன செய்தார்?

ஸ்பூனை லேசா வளைச்சா பழையபடி நிமிர்ந்துடும். கொஞ்சம் அதிகமா வளைச்சா, அப்படியே நின்னுடும். அந்த எல்லை எது? பல திசைகளில் இருந்து வரும் தகைவுகளை ஒரே எண்ணாக மாற்றி, அதைக் கண்டுபிடிக்க வழி சொன்னார் மீசஸ். இதே கருத்தை 1904-லேயே ஹூபர் என்பவர் போலிஷ் மொழியில் எழுதியிருந்தார். அது வெளியானதும் அதே லெம்பெர்க்கில்தான்!

1933-ல் வந்த சோதனை

பெர்லின் பல்கலைக்கழகத்தில் புகழோடு இருந்தவர் மீசஸ். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூத வம்சாவளியினர் அரசுப் பணிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். போரில் பணியாற்றியதால் இவருக்கு விலக்கு கிடைத்திருக்கும். ஆனால் அது ரொம்ப நாள் நீடிக்காதுன்னு புரிந்துகொண்டு, இஸ்தான்புல்லுக்குக் கிளம்பிவிட்டார். இவரிடம் உதவியாளராக இருந்த கணித மேதை ஹில்டா கெய்ரிங்கரும் வேலையை இழந்தார். 1939-ல் இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். 1943-ல் திருமணம். ஹார்வர்டில் பாடம் நடத்திவந்த மீசஸ், 1953-ல் பாஸ்டனில் காலமானார்.

இன்றும் ஏன் முக்கியம்?

ஒண்ணு கவனிக்கணும். மீசஸின் விதி, உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் இடத்தைத்தான் சொல்லும். எங்கே கிழியும் என்று அறிய, 1960-களில் கீலர், குட்வின் ஆகியோர் உருவாக்கிய எல்லைக்கோடு வரைபடமும் தேவை. ஆனால் வளைவைக் கணக்கிடாமல் கிழிசலைக் கணிக்க முடியாது. அந்த முதல் படியைப் போட்டவர், தன் கணக்கு திரையில் வண்ணமாக மாறுவதைப் பார்க்காமலேயே போய்விட்டார்.